கால் எரிச்சல்: அரிய நோயும் பொது நோயும்

வேனிற்காலத்து இரவொன்றில், சிகந்தராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் உறங்கச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் மூதாட்டி மட்டும் உறங்கவில்லை. போர்வையை உதறுகிறார், கால்களைக் கட்டிலுக்கு வெளியே நீட்டுகிறார், சற்று நேரம் கழித்து எழுந்து, வெறுந்தரையில் பாதங்களை ஊன்றி நிற்கிறார். அதுவும் போதாமல், குளிர்பெட்டியிலிருந்து பனிக்கட்டியை எடுத்து வாளித் தண்ணீரில் இட்டு, அதில் கால்களை அமிழ்த்திய பின்னரே சிறிது ஆறுதல் பெறுகிறார். மறுநாட் காலையில் மகன் வினவினால், "ஒன்றுமில்லையப்பா, உடம்புச் சூடு, இந்த ஊர் வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார். அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையாரும் "வேடி சேஸிந்தி" என்று அதையே தம் மொழியில் கூறி, விளக்கெண்ணெயும் மருதாணியும் தந்து செல்கிறார்.

இக்காட்சி நாம் கற்பித்துக்கொண்டதே. ஆயினும், நம் வீடுகளில் இது புதியதன்று என்பதை நேயர்கள் அறிவார்கள். உள்ளங்கால் எரிச்சல் என்பது நம்மவர் பலர் அனுபவிக்கும் துன்பம். அதைப் பொறுத்துக்கொள்வதும் நம்மவர் இயல்பாகிவிட்டது. ஊர் மாறி வந்தவர்களோ, எந்த நோயையும் புதிய ஊரின் வெயில்மீதும் தண்ணீர்மீதும் சுமத்திவிட்டு வாளாவிருப்பதுண்டு. கால் எரிச்சல் தானே ஒரு நோயன்று. அஃது ஓர் அறிகுறி. அதன் பின்னால் எளிதில் தீர்க்கக்கூடிய குறை ஒன்று இருக்கலாம். மிக அரியதான இரத்தக் குழாய் நோய் ஒன்றும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு வேண்டிய முதற்சான்றுகள் மருத்துவரிடம் இல்லை. எரிச்சல் எழும் நேரத்தில் அருகில் இருக்கும் வீட்டாரிடமே இருக்கின்றன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அரிய நோயைப் பற்றிக் காண்போம்.

அமெரிக்க நாட்டில் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த சைலஸ் வீர் மிட்செல் என்பார் நரம்பு நோய்களில் வல்ல மருத்துவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்து, நரம்புக் காயங்களால் விளையும் எரிவலிகளை நுணுகி ஆராய்ந்தவர். பாதங்கள் சிவந்து, வெப்பமேறி, நெருப்பில் இட்டாற்போல் எரியும் நோயாளிகள் சிலரைக் கண்டு, 1878-ஆம் ஆண்டில் அந்நோய்க்கு 'எரித்ரோமெலால்ஜியா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் சிவப்பு, உறுப்பு, வலி எனப் பொருள்படும் மூன்று சொற்களின் கூட்டே அப்பெயர். தமிழில் 'செவ்வெரிவலி' என்று சொன்னால் பொருந்தும். நோயின் இலக்கணம் முழுவதும் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

இந்நோய் பெரும்பாலும் இரு பாதங்களையும் பற்றும். சிலருக்குக் கணுக்காலைக் கடந்து கீழ்க்கால் வரை ஏறும். கைகளிலும் சிலபோது தோன்றும். நாள் முழுதும் ஒரே தன்மையாய் இராமல், வலிப்பு வருவதுபோல் வந்து வந்து போவது இதன் முதல் அடையாளம். நெடுந்தூரம் நடந்தாலும், வெயிலில் நின்றாலும், அடுப்பங்கரையில் வேலை செய்தாலும், காலுறையும் பூட்ஸும் அணிந்தாலும், இரவில் போர்வைக்குள் கால் கதகதப்புற்றாலும் எரிச்சல் கிளம்பும். அவ்வேளையில் தோல் சிவக்கும். தொட்டுப் பார்ப்பவர் கைக்கு வெப்பம் தெளிவாகத் தெரியும். காலைத் தொங்கவிட்டால் வேதனை மிகும். உயர்த்தி வைத்தாலும் குளிர்வித்தாலும் தணியும். எரிச்சல் நின்றபின் பாதம் முன்போலவே ஆகிவிடுவதுண்டு. ஆகவேதான், பகலில் மருத்துவரிடம் செல்லும்போது காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல், "எல்லாம் மனப்பிரமை" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புகிறார்கள் பலர்.

இஃது எத்துணை அரியது என்பதற்கு ஒரு கணக்குண்டு. மேல்நாடுகளில் எடுத்த ஆய்வுகளின்படி, ஓராண்டில் புதிதாக இந்நோய் காணப்படுவோர் இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவையொட்டியே இருக்கின்றனர்.

தோலின் உள்ளே நிகழ்வது யாது? நம் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் உடல் வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே தனிப்பட்ட குறுக்கு வழிகள் அமைந்திருக்கின்றன. சாதாரணமாக இரத்தம் தமனியிலிருந்து மிக நுண்ணிய தந்துகிகளுக்குள் புகுந்து, திசுக்களுக்கு உணவும் பிராணவாயுவும் அளித்தபின் சிரைக்குச் செல்லும். உடல் வெப்பமுற்றாலோ இந்தக் குறுக்கு வழிகள் திறந்துகொள்ள, இரத்தம் தந்துகிகளைத் தொடாமலே தமனியிலிருந்து நேரே சிரைக்குப் பாய்ந்து வெப்பத்தைத் தோல் வழியே வெளியேற்றும். செவ்வெரிவலி உள்ளவர்க்கு இவ்வழிகள் அளவின்றித் திறந்துகொள்கின்றன என்றும், அப்போது தந்துகிகளுக்குச் செல்ல வேண்டிய இரத்தம் குறைந்து போகிறது என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். வாய்க்காலில் வெள்ளம் கரைபுரண்டு ஓட, மதகு அடைபட்ட பக்கத்து வயல் காய்ந்து கிடப்பதைப் போன்றது இது. பாதம் இரத்தத்தால் சிவந்து நிற்கிறது. அதே பாதத்தின் திசுக்களோ பிராணவாயு போதாமல் தவிக்கின்றன.

இக்கோளாறு இரு வகையாய் எழுவதுண்டு. ஒன்று, பிறவியிலேயே அமைவது. பெரும்பாலும் இளமையிலேயே தோன்றுவது. ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாய்த் தொடர்வது. வலியுணர்த்தும் நரம்பிழைகளில் சோடியம் என்னும் உப்புப் பொருள் புகுவதற்கு நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை திறந்தால்தான் வலிச் செய்தி மூளைக்குப் புறப்படும். அவ்வாயில்களுள் ஒன்றை அமைக்கும் மரபணுவில் ஏற்படும் பிழையே பரம்பரைச் செவ்வெரிவலிக்குக் காரணம் என்பதைச் சீன நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். தாழ்ப்பாள் தளர்ந்த கதவைப் போல, இலேசான வெப்பத்திற்கும் அவ்வாயில் திறந்துகொள்கிறது. இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 2006-ஆம் ஆண்டில், பாகிஸ்தானின் வடபகுதியில் வலி என்பதையே அறியாமல் பிறந்த சில குழந்தைகளை ஆராய்ந்தபோது, அவர்களிடம் இதே வாயில் அடியோடு செயலற்றிருக்கக் கண்டார்கள். ஒரே வாயில் மிகையாய்த் திறந்தால் ஓயாத எரிவலி. திறவாமலே போனால் வலியே இல்லை. வலியின்மை நற்பேறன்று, அக்குழந்தைகள் தமக்கு நேர்ந்த காயங்களையும் எலும்பு முறிவுகளையும் உணராமலே வளர்ந்தவர்கள்.

மற்றொரு வகை, வேறொரு நோயின் நிழலாய் நடுவயதிலோ முதுமையிலோ வருவது. எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள், சிறப்பாகத் தட்டணுக்கள், அளவுக்கு மீறி உற்பத்தியாகும் நோய்கள் சில உள்ளன. அவற்றில், மிகுந்துவிட்ட தட்டணுக்கள் பாதத்து நுண்குழாய்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறு அடைப்புகளை உண்டாக்கும்; செவ்வெரிவலி தோன்றும். இவ்வகையினருக்கு மிகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தாலே எரிச்சல் வியக்கத்தக்க வண்ணம் தணிகிறது; நோயை இனங்காணவும் இது துணைபுரிகிறது. இரத்த நோய் வேறெந்த அடையாளமும் காட்டுவதற்கு முன்பே கால் எரிச்சலாய்த் தலைகாட்டுவதுண்டு. அந்நிலையில் அதனை அறியாமல் விட்டால், பின்னர் மூளையிலோ இதயத்திலோ இரத்தம் உறைந்து பேரிடர் விளையலாம். ஒரு சாதாரண இரத்த அணு எண்ணிக்கைச் சோதனை இதற்கு முதல் விடையளித்துவிடும். ஆஸ்பிரினை மருத்துவரின் சொல்லின்றித் தாமே வாங்கி உண்பது தகாது. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அது குருதிக் கசிவை உண்டாக்கும்.

இனி, இலட்சத்தில் ஒருவரை விடுத்து, ஏனையோர் கால் எரிச்சலுக்குக் காரணம் யாது என்பதைக் காண்போம். இவ்விடத்தில் ஐதராபாத்து நகருக்கும் தமிழகத்திற்கும் உள்ள பழைய தொடர்பு ஒன்று நினைவுக்கு வருகிறது.

ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அதுவும் நம்மைப் போலவே தமிழ் மண்ணிலிருந்து குடிபெயர்ந்து வந்ததுதான். 1918-ஆம் ஆண்டில் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில், இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவரின் முயற்சியால், பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடமாக அது தொடங்கிற்று. நாற்பது ஆண்டுகள் குன்னூரில் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்திற்கு மாற்றப்பெற்றது. 1969-ல் இப்போதுள்ள பெயரைப் பெற்றது.

குன்னூரில் ஆராயப்பட்ட பெரிபெரி, நரம்புகளைத் தாக்கும் நோய். கால் எரிச்சலும் மரப்பும் அதன் தொடக்கக் குறிகள். அந்நாளில் இந்தியாவில் அந்நோய் மிகுந்திருந்த இடம், தெலுங்கு நாட்டின் வட சர்க்கார் எனப்பட்ட கடற்கரைப் பகுதி. அங்கு மக்கள் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களிலோ அந்நோய் அரிதாகவே இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் அரிசியின் உட்புறத்திற்கு இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றிலும் நீங்குவதில்லை. நம் பாட்டிமார் காரணம் அறியாமலே காத்துவந்த பழக்கம், ஒரு நோயைத் தடுக்கும் காப்பாக இருந்ததைக் குன்னூர் ஆராய்ச்சிகள் தெளிவாக்கின.

கால் எரிச்சலோடு தம் பெயரையே பிணைத்துக்கொண்ட தமிழர் ஒருவரும் உண்டு. அவர் மருத்துவர் சி. கோபாலன். அந்த ஆராய்ச்சிக்கூடம் தோன்றிய அதே 1918-ஆம் ஆண்டில் சேலத்தில் பிறந்தவர்; சென்னையில் மருத்துவம் பயின்றவர். தென்னாட்டு ஏழை மக்கள் பலரிடம் காணப்பட்ட பாத எரிச்சலை ஆராய்ந்து 1946-ல் அவர் எழுதிய கட்டுரை உலக மருத்துவ இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றது. அதற்கு 120 ஆண்டுகள் முன்னதாக, 1826-ல், கிரியர்சன் என்னும் மருத்துவர் இந்நாட்டு மக்களின் கால் எரிச்சலைப் பற்றி எழுதி வைத்திருந்தார். இவ்விருவர் பெயராலும் 'கிரியர்சன்–கோபாலன் நோய்த்தொகுதி' என்று மருத்துவ நூல்கள் இதனைக் குறிக்கின்றன. உள்ளங்காலில் எரிச்சலும் குத்தலும், இரவில் அவை மிகுதல், பாதங்களில் அளவுகடந்த வியர்வை ஆகியவற்றை அவர் விவரித்தார். பி தொகுதி வைட்டமின்களுள் ஒன்றான பாண்டோதெனிக் அமிலம் அந்நோயாளிகளுக்கு நற்பலன் தந்தது என்பது அவர் கண்ட முடிவு. அதே காலத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டுத் தீட்டிய அரிசியையே உண்டு வாழ்ந்த போர்வீரர்களிடமும், இரவெல்லாம் உறங்கவிடாத பாத எரிச்சல் பரவலாய்க் காணப்பட்டது.

கோபாலன் 1960-களின் தொடக்கத்தில் ஐதராபாத்து நிறுவனத்தின் தலைமையேற்று, 1974 வரை அதனை நடத்தினார். 2019-ஆம் ஆண்டில் தம் நூறாம் வயதில் காலமானார். கால் எரிச்சல் என்னும் சிறு புகாரையும் ஆராயத்தக்கதாய்க் கருதினார் என்பதே நாம் அவரிடம் கற்க வேண்டிய முதற்பாடம்.

அந்நாளில் வறுமையால் விளைந்த எரிச்சல், இந்நாளில் வேறு வாயில்களாலும் வருகிறது. முதலாவது நீரிழிவு. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, உடலின் மிக நீண்ட நரம்புகளை, அதாவது பாதம் வரை ஓடும் நரம்புகளை, முதலில் கெடுக்கிறது. இரண்டாவது, பி12 வைட்டமின் குறைவு. இவ்வைட்டமின் இயற்கையாய்ப் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேதான் கிடைக்கும். காய்கறிகளிலும் தானியங்களிலும் இல்லை. எனவே சைவ உணவினரும், அவருள்ளும் பால் தயிர் குறைத்துண்ணும் முதியோரும், இக்குறைக்கு எளிதில் ஆளாவர். நீரிழிவுக்கு வழங்கப்பெறும் மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவர்க்கும் பி12 குறைவதுண்டு. நீரிழிவும் சைவ உணவும் மெட்பார்மினும் ஒருவரிடமே கூடும்போது, எரிச்சலுக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம். சர்க்கரையின்மீது மட்டும் பழி போட்டால் மற்றொன்று மறைந்துவிடும். தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, மதுப்பழக்கம், தொழுநோய் ஆகியவையும் கால் நரம்புகளைத் தாக்கக்கூடியவை.

அப்படியாயின், நரம்பு எரிச்சலையும் செவ்வெரிவலியையும் வீட்டிலேயே எவ்வாறு வேறுபடுத்திக் காண்பது? மூன்று செயல்கள் போதும்: பார்த்தல், தொடுதல், குறித்தல்.

எரிச்சல் மிகுந்திருக்கும் நேரத்திலேயே விளக்கை ஏற்றிப் பாதத்தைப் பாருங்கள். நரம்புக் கோளாறாயின், எரிச்சல் எவ்வளவு இருப்பினும் தோல் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். செவ்வெரிவலியாயின் சிவந்திருக்கும். நம்மவர் கருநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாய்ப் புலப்படாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்ததாகவோ தோன்றலாம். ஆதலின் கண்ணைவிடக் கையே சிறந்த சாட்சி. புறங்கையால் பாதத்தையும் முழங்காற்பக்கத்தையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். நோயாளி "எரிகிறது" என்று சொல்ல, தொடுபவர் கைக்குப் பாதம் இயல்பாகவோ குளிர்ச்சியாகவோ இருந்தால், அது நரம்பின் பொய்ச்செய்தி. தொடுபவர்க்கும் சுட்டால், அது மெய்யான வெப்பம். பின்னர், எரிச்சல் எப்போது தொடங்கிற்று, எதனால் கிளம்பிற்று, எத்தனை நேரம் நின்றது, காலை உயர்த்தியபோது என்னாயிற்று என்பவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கைப்பேசியில் அப்போதே ஒரு படம் எடுத்துக்கொள்வது, நூறு சொற்களுக்கு மேலாய்ப் பயன்படும்.

இவற்றோடு இரண்டு எச்சரிக்கைகளையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு காலில் மட்டும் திடீரெனச் சிவப்பும் வீக்கமும் காய்ச்சலும் தோன்றினால், அது பெரும்பாலும் தொற்று நோயாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் தோன்றினால், ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டிற்கும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். அடுத்து, பாதம் குளிர்ந்து வெளிறி, உயர்த்தினால் வலி மிகுந்து, தொங்கவிட்டால் தணியுமாயின், அது செவ்வெரிவலிக்கு நேர்மாறான நிலை. தமனி அடைப்பின் அடையாளம். புகைபிடிப்போர் இதில் மிகுந்த கருத்துடன் இருத்தல் வேண்டும்.

இனி, மூதாட்டியின் வாளிக்கு வருவோம். பனிக்கட்டித் தண்ணீர் எரிச்சலை உடனே தணிக்கும் என்பது மெய். அதனாலேயே அது பெருந்தீங்கும் விளைக்கிறது. செவ்வெரிவலி உள்ளவர் சிலர் ஆறுதல் வேண்டி நாளில் பல மணி நேரம் பனிநீரில் காலை வைத்திருப்பர். தோல் ஊறி நைந்து, புண்ணாகி, தொற்று ஏறி, சிலர் காலையே இழக்கும் நிலைக்கு வந்ததை மருத்துவ ஏடுகள் கூறுகின்றன. மேலும், குளிரிலிருந்து காலை எடுத்ததும் இரத்தம் முன்னிலும் வேகமாய்ப் பாய, எரிச்சல் முன்னிலும் கடுமையாய் எழும். எனவே வாளியை விட்டு நீங்க முடியாத நிலை உண்டாகும். நீரிழிவினால் உணர்ச்சி மங்கிய காலுக்கோ, பனிக்கட்டி சுட்டெரிப்பதும் தெரியாது. ஆதலின் பனிக்கட்டியை எவரும் பயன்படுத்தலாகாது. மாறாக, மின்விசிறிக் காற்றில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாம். குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் போர்த்தி, பின்னர் ஈரம் போகத் துடைத்துவிடலாம். மருதாணியும் விளக்கெண்ணெயும் தோலுக்குச் சற்று இதம் தரலாம். ஆனால் காரணத்தைத் தீர்க்கமாட்டா. அவற்றை நம்பி மாதங்களைக் கழிப்பதுதான் தீங்கு.

மருத்துவரிடம் சென்றால் முதலில் செய்யவேண்டிய சோதனைகள் எளியவை: இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சர்க்கரை அளவு, பி12 அளவு, தைராய்டு, சிறுநீரகச் செயல். சோதனைக்கு முன்பே கடையில் பி12 ஊசியோ மாத்திரையோ வாங்கிக்கொண்டால், குறை இருந்ததா என்பதே பின்னர் விளங்காமற் போகும். வைட்டமின் மாத்திரைகளை அளவின்றி உண்பதும் நன்றன்று. பி6 வைட்டமின் நெடுநாள் மிகையானால், அதுவே கால் நரம்புகளைக் கெடுத்து எரிச்சலை உண்டாக்கும். இரத்த அழுத்தத்திற்காக உண்ணும் சில மருந்துகளாலும் பாதம் சிவந்து எரிவதுண்டு. ஆகையால் உண்ணும் மருந்துகள் யாவற்றின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். எந்த மருந்தையும் தாமே நிறுத்திவிட வேண்டாம். செவ்வெரிவலி என்று ஐயம் எழுந்தால், தோல் மருத்துவரும் நரம்பு மருத்துவரும் இரத்த நோய் மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஐதராபாத்தில் உஸ்மானியா மருத்துவமனை, காந்தி மருத்துவமனை, நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் போன்ற பெரிய நிலையங்கள் உள்ளன. முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இந்நோய்க்கு இல்லையெனினும், நரம்பின் சோடியம் வாயிலை அடக்கும் மருந்துகளாலும், எரிவலியைக் குறைக்கும் வேறு மருந்துகளாலும் பலர் நலம் பெறுகின்றனர். மூலகாரணம் இரத்த நோயாயின், அதற்குரிய சிகிச்சையால் எரிச்சலும் அடங்கும்.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இன்னொரு தடையும் உண்டு, அது மொழி. பெரியவர்கள் தம் துன்பத்தைப் பிறமொழி மருத்துவரிடம் கூறத் தயங்கி, "கால்வலி" என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். கால்வலிக்கு மூட்டு மாத்திரை கிடைக்கிறது; எரிச்சல் எரிச்சலாகவே நிற்கிறது. தெலுங்கில் "அரிகாள்ளு மண்டுதுன்னாயி" என்றால், உள்ளங்கால்கள் எரிகின்றன என்று பொருள். சிவந்திருப்பதை "எர்ரகா" என்பர். பழைய நகரத்து உருது பேசும் மருத்துவரிடம் "தல்வோன் மேன் ஜலன்" என்று சொல்லலாம். இச்சிறு சொற்களை வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்பித்து வையுங்கள்; இயன்றால் குறிப்புத் தாளுடன் நீங்களே உடன் செல்லுங்கள்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். ஊர் மாறினால் அரிசியும் மாறுகிறது. ஐதராபாத்துக் கடைகளில் பளபளக்கும் பச்சரிசி எளிதில் கிடைப்பதால், புழுங்கல் அரிசிப் பழக்கத்தைக் கைவிட்ட குடும்பங்கள் பல. முற்றிலும் மாற்றிக்கொள்ள இயலாவிடினும், ஒரு வேளையேனும் புழுங்கல் அரிசியோ கேழ்வரகோ கம்போ சேரட்டும். அரிசியைப் பலமுறை அலசுவதையும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதையும் குறைக்கலாம். பருப்பும் பயறும் நாள்தோறும் இருக்கட்டும். சைவ உணவினர் பாலையும் தயிரையும் தவிர்க்காதிருத்தல் நன்று. இவ்வுணவு அரிய நோயைத் தடுக்காது. பொதுவான எரிச்சல்களுள் ஒரு பகுதியையேனும் தடுக்கும்.

நாம் கற்பித்துக்கொண்ட அந்த வீட்டிற்கு மீண்டும் செல்வோம். இம்முறை நள்ளிரவில் அன்னையார் எழுந்தபோது மகனும் எழுந்துவிடுகிறான். வாளியை அப்புறம் வைத்துவிட்டு, அன்னையின் பாதத்தைத் தன் மடிமேல் எடுத்து வைத்துத் தொட்டுப் பார்க்கிறான். சுடுகிறதா, குளிர்ந்திருக்கிறதா? அவன் கைக்குக் கிடைக்கும் விடை எதுவாயினும், அது மருத்துவர் அறிய வேண்டிய செய்தி. மறுநாட் காலையில் இருவரும் அச்செய்தியுடன் புறப்படுகிறார்கள். பெரும்பாலும் விடை எளியதாகவே இருக்கும். ஒரு வைட்டமின் குறையாகவோ, கட்டுக்கடங்காத சர்க்கரையாகவோ முடியும். ஒருகால் அந்த இலட்சத்தில் ஒருவராகவே இருந்துவிட்டாலும், காலம் தாழ்த்தாமல் அறிந்துகொண்டதனால் அவர் காலும் உயிரும் காக்கப்படும்.